கட்டுச்சோற்றை அவிழ்க்குமுன்



பாடசாலை விடுமுறை விட்டதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். பக்கத்து வீட்டு ராத்தா, மகளின் வகுப்பு ஆசிரியை, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கும் தோழி என்று நாலைந்து பேர் வாசலில் கூடி நிற்பார்கள். "எந்த நாளும் அடுப்படிதானா? ஒரு நாளைக்கு எங்கேயாவது போய் வருவோமே" என்று ஒருத்தி சொல்லுவாள். அன்று பின்னேரமே வேன் பேசியாகிவிடும். அதற்கடுத்த கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். என்ன சமைத்துக்கொண்டு போவது?

புரியாணி என்பாள் ஒருத்தி. நெய்ச்சோறும் கோழிப் பொரியலும் போதும் என்பாள் இன்னொருத்தி. வட்டிலப்பம் இல்லாமல் என்ன பயணம் என்று மூத்தம்மா கேட்பார். கடைசியில் எல்லாமே செய்வதென்று முடிவாகும். போகிற நாளன்று இரவு இரண்டு மணிக்கே எழும்பி அடுப்பு மூட்டுவார்கள். அடுப்படியிலிருந்து தப்பத்தான் பயணம். அந்தப் பயணத்துக்காக இரட்டிப்பு அடுப்படி! வேனில் ஏறியதும் அசதியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டு, இறங்கியதும் பரிமாறத் தொடங்கி, திரும்பி வந்து சட்டி கழுவும் சகோதரியிடம் நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளிடம் கேளுங்கள் என்பாள்.

இதை மட்டும் சொல்வதானால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அந்தச் சட்டிகளோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. அதற்காகத்தான் இந்த மாதம் பேனாவை எடுத்தேன்.

சப்ரகமுவயில் நாம் எங்கே போகிறோம்? கேகாலை, மாவனல்லைப் பக்கத்தார் பின்னவலவுக்குப் போவார்கள். 1975இல் தொடங்கிய யானைகள் இல்லமும், யானைகள் குளிக்க இறங்கும் மகா ஓயாவும் அங்கே இருக்கின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலப் பக்கத்தாருக்குக் கித்துல்கல இருக்கிறது, களனி கங்கை இருக்கிறது. குவாய் நதிப் பாலம் பற்றி 1957இல் வந்த ஆங்கிலப் படத்தை இங்கேதான் எடுத்தார்கள் என்று வேன் சாரதி கட்டாயம் சொல்லுவார். நீங்களும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தினபுரி, எஹலியகொடப் பக்கத்தாருக்குப் போபத் எல்ல. குருவிட்டயில் பெரிய பாதையை விட்டுத் திரும்பி உள்ளே போனால் குரு கங்கை சுமார் 30 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அழகைப் பார்க்கலாம். மேலே ஒடுங்கி வரும் நீர் நடுவில் அகன்று அரச இலை போல விரியும். பெயரும் அதனால் வந்ததுதான். அந்த நீர் பின்பு களு கங்கையில் போய்ச் சேர்கிறது.

எல்லாம் தண்ணீர்க்கரைதான் என்பதைக் கவனித்தீர்களா? நம் மாகாணத்தில் ஒரு நாள் பயணம் என்றால் ஆறு, அல்லது அருவி. நம் நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி மௌத்தாகிறார்கள். போபத் எல்லவும் பல உயிர்களைக் கொண்டுபோன இடம். சிரித்துக்கொண்டு வேனில் ஏறிப் போன குடும்பங்கள் ஜனாஸாவோடு திரும்பிய செய்திகளை நாம் பத்திரிகையில் படித்துப் பெருமூச்சு விட்டிருக்கிறோம்.

அந்த ஒரு நாளில் எந்த நேரம் ஆபத்தான நேரம் என்று சற்று யோசியுங்கள். வந்து இறங்கியதும் எல்லார் கண்ணும் பிள்ளைகள் மேலேதான் இருக்கும். "அங்கே போகாதே, இங்கே வா" என்று சத்தம் ஓயாது. பன்னிரண்டு மணி ஆகும். பசி எடுக்கும். பாய் விரித்து, பொதி அவிழ்த்து, சஹன் எடுத்து வைத்து, ஊறுகாய்ப் போத்தலைத் தேடி, எண்ணிக்கை போதுமா என்று பார்த்து, ஆண்களுக்கு முதலில் கொடுத்து... தாய்மார் எல்லோரும் தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் நேரம் அது. சோறு வரும்வரை இன்னும் ஒரு முழுக்கு என்று பிள்ளைகள் ஆற்றுக்குள் நிற்பார்கள். ஒருத்தி மற்றவள் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைப்பாள். அந்த மற்றவள் இவளை நினைத்திருப்பாள். பத்துத் தாய்மார் இருக்கும் இடத்தில் பிள்ளையைப் பார்க்க ஒருத்தியும் இல்லை.

நீரில் மூழ்கும் பிள்ளை கத்தும், கையை அடித்துக் கூப்பிடும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாயில் நீர் ஏறிய பிள்ளைக்கு மூச்சு விடவே முடியாது, கூப்பிடுவது எப்படி? ஓசை இல்லாமல் கீழே போய்விடும். ஒரு கோழித் துண்டை இரண்டாக்கி இரண்டு பிள்ளைகளுக்கு வைக்கும் நேரம் போதும்.

ஆகவே சகோதரிகளே, என்ன சமைப்பது என்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்: சாப்பாட்டுப் பொதி அவிழும்போது ஒரு பிள்ளைகூட தண்ணீரில் இருக்கக் கூடாது. காலையில் தண்ணீர், பிறகு கரை. எல்லோரையும் வெளியே எடுத்து, தலை துவட்டி, உடை மாற்றி, ஒன்று இரண்டு என்று தலையை எண்ணி, அதற்குப் பிறகுதான் லுஹர். லுஹருக்குப் பிறகு சாப்பாடு. சாப்பிட்டபின் மீண்டும் ஆற்றுக்குள் இறங்குவது கிடையாது. இதைப் போகுமுன்பே பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் அங்கே அழுகை குறையும். அங்கே போய்ச் சொன்னால் யார் கேட்பார்கள்?

"தொழுகை நேரத்தில் யார் பார்ப்பது ஹஸரத்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. யுத்த களத்தில் தொழுகை எப்படி என்று சூரத்துந் நிஸா சொல்லித் தருகிறது. ஒரு கூட்டம் தொழ, மற்றக் கூட்டம் காவல் நிற்கும். பிறகு இவர்கள் வர, அவர்கள் காவலுக்குப் போவார்கள். எதிரி முன்னே நிற்கும்போதும் தொழுகையை விடவில்லை, காவலையும் விடவில்லை. ஆற்றங்கரையில் இரண்டு ஜமாஅத்தாகத் தொழ நமக்கு என்ன சிரமம்? தொழுகை இல்லாத நாட்களில் இருக்கும் சகோதரிகள் இருப்பார்கள். அந்த அரைமணி நேரம் பிள்ளைகளின் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சபையில் கேட்க வேண்டாம். உங்களுக்குள்ளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். பயணம் என்றதும் சுருக்கித் தொழலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஷாபிஈ மத்ஹபில் அதற்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல் தூரம் வேண்டும். மாவனல்லையிலிருந்து பின்னவலவுக்கோ, இரத்தினபுரியிலிருந்து குருவிட்டவுக்கோ போகிறவர்கள் லுஹரை நான்காகவே தொழ வேண்டும். தொலைவிலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது தலைமை. மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபியவர்கள் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் ஏவியதாக அபூ தாவூதில் இருக்கிறது. நாம் இருபது பேர் போகிறோம். அமீர் யார் என்று கேட்டால் வேன் சாரதியைக் காட்டுவோம்! உங்களில் ஒருத்தியை அன்றைக்குத் தலைவியாக்குங்கள். அவள் சமைக்க வேண்டாம், பரிமாற வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. மணிக்கு ஒருத்தியாக மாற்றிக்கொள்ளலாம். "வெளியே வாருங்கள்" என்று அவள் சொன்னால் மாமியாராக இருந்தாலும் வெளியே வர வேண்டும். கையில் தொலைபேசி இருந்தால் அது தலைமை ஆகாது.

இப்போது சமையலுக்கு வருவோம். சாப்பாடு எவ்வளவு இலேசோ, அவ்வளவுக்குக் கண் பிள்ளைகளிடம் இருக்கும். பரிமாற வேண்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பொதியாகக் கையில் கொடுத்துவிடும் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும், பாணும் சீனிச் சம்பலும், ஓட்டோடு அவித்த முட்டை, நன்றாக முறுகப் பொரித்த கருவாடு, வாழைப்பழம், அவித்த கடலை. இவை வாடினாலும் கெடாது. சூடு ஆறினாலும் சுவை போகாது. இனிப்புக்குத் தொதல் இருக்கிறது. வட்டிலப்பத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பண்டம் வேனின் வெக்கையில் நாலு மணி நேரம் தாங்காது. தேங்காய்ச் சம்பலும், பால் விட்ட கறிகளும் அப்படித்தான். மூத்தம்மா கோபித்தால் திரும்பி வந்து இரவில் எல்லோருமாகச் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள்.

சோறு இல்லாமல் பசி ஆறாது என்கிற வீடுகள் உண்டு. அதில் பிழையில்லை, ஆனால் ஒன்றை அறிந்து செய்யுங்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்து முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. இரவே ஆக்கி வைத்து விடிய ஏற்றிக்கொண்டு போகும் சோறுதான் மறுநாள் முழு வேனையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறது. ஆக்குவதானால் புறப்படுமுன் கடைசி வேலையாக ஆக்கி, சுடச்சுட மூடி, சட்டியைத் தடித்த துணியால் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். பறக்கவில்லையா? சோறு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறதா? பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். கறியை ஒன்றாகக் குறைத்து, அதையும் வற்றலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதை யாரும் தவக்குல் குறைவு என்று எண்ண வேண்டாம். யமன் தேசத்தார் சிலர் நாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள் என்று சொல்லி உணவில்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, பிறகு மக்காவில் மனிதரிடம் கையேந்தினார்கள். வழியுணவு எடுத்துக்கொள்ளும்படி அதன்பின் வசனம் இறங்கிற்று. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களும் கட்டிக்கொண்டு போன மீனைக் கேட்டபோதுதான் அது பாறையடியில் நழுவிப்போன கதை தெரியவந்தது. பாறையும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் மீன் நழுவினால் பாதகமில்லை.

இனிச் சட்டிக்கு வெளியே என்ன எடுப்பது? முதலாவது கயிறு. கிணற்றுக் கயிறு போல தடித்தது, பத்துப் பதினைந்து மீற்றர். இரண்டாவது, மூடி இறுக்கமான ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கள் இரண்டு மூன்று. போகும்போது அதில் குடிநீர் இருக்கும். குடித்து முடிந்ததும் வீசாமல் மூடியை இறுக்கி, கயிற்றின் நுனியில் கட்டிக் கரையில் வையுங்கள். ஒருவர் தத்தளித்தால் அதைத்தான் எறிய வேண்டும். பிடித்துக்கொண்டால் மிதப்பார், நீங்கள் கரையில் நின்றபடி இழுக்கலாம். பதறிப்போய்த் தாய் குதிப்பதும், அவளைப் பிடிக்கத் தங்கை குதிப்பதும்தான் ஒரு மௌத்தை மூன்றாக்குகிறது. நனைந்த அபாயாவும் சேலையும் காலைச் சுற்றிக்கொள்ளும். நீந்தத் தெரிந்தவளையும் கீழே இழுத்துவிடும். கயிறு எறிய முடியவில்லையானால் நீண்ட கம்பு, அதுவும் இல்லையானால் சால்வை. எதுவானாலும் நாம் கரையில் தரையில் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் பழைய வழக்கம். அது கூடாது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் அமுக்கத் தொடங்க வேண்டும். வேறொருவர் 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். 2016இல் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் கிடையாது. இதைப் படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தார் முதலுதவி வகுப்பு நடத்துகிறார்கள். உங்களில் ஒருத்தியாவது கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் பயணம் போகாத நாளிலும் உதவும். மலையடிவாரத்தில் பல இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னல் இருக்காது. எங்கே கிடைக்கிறது என்று இறங்கியதுமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குருவிட்டப் பக்கம் போனால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலை, கித்துல்கலப் பக்கம் போனால் கரவனெல்ல ஆதார வைத்தியசாலை என்பது சாரதிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது அடுத்த விஷயம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம். மே மாதம் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனதையும், அடுத்த ஆண்டு அதே மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் அருவி பார்க்கப் போக வேண்டாம். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலாகவும் பின்னேரம் இடியாகவும் இருக்கும். அந்த நாட்களில் விடியப் போய் லுஹரோடு கரையேறிவிட வேண்டும். நல்ல மாதங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. பாவா ஆதம் மலைக்குப் போகிறவர்களின் காலமும் அதுதான். குருவிட்டயிலிருந்து எரத்ன வழியாக மலையேறுவோர் வார இறுதியிலும் போயா நாளிலும் அந்தப் பாதையை நிறைத்துவிடுவார்கள். கிழமை நாளில் போவது நல்லது.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டலாம். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அருவியின் ஓசை மாறினால், யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. எல்லோரும் மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்புப் போனால் போகட்டும். கித்துல்கலவில் மழை இல்லாமலும் நீர் ஏறும். மேலே லக்ஸபான, பொல்பிட்டிய என்று நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. ஊராரிடம், அங்கே தேநீர்க் கடை வைத்திருப்பவரிடம், "எந்த இடம் ஆழம், எந்த நேரம் நீர் வரும்" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இரத்தினபுரிப் பக்கம் ஆற்றோரத்தில் கைவிட்ட மாணிக்கக் குழிகள் நீர் நிறைந்து புல்மூடிக் கிடக்கும். பிள்ளைகளைப் பந்து பொறுக்க ஓடவிடாதீர்கள்.

சின்னச் சின்னப் பொருட்களைச் சொல்கிறேன். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் தேசிக்காயும். ஒட்டிய அட்டையைப் பிய்க்காமல் நகத்தால் ஓரமாக நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். காலில் புண் உள்ளவர் சேற்று நீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அதிகம் காணும் மாவட்டங்கள் நம்முடைய இரண்டும். மரத்தடியில் புகை போடுமுன் அண்ணாந்து பாருங்கள். குளவிக் கூடு என்றால் என்ன என்று தோட்டத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு மௌலவி இதையும் எழுதுவதா என்று சிலர் கேட்கலாம், எழுதத்தான் வேண்டும். ஒதுங்க இடம் இருக்குமோ இல்லையோ என்ற பயத்தில் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் பயணம் போகும் பெண்கள் எத்தனை பேர்! ஆண்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பின்னேரம் தலைவலி, மறுநாள் சிறுநீர்க் கடுப்பு. வேன் பேசும்போதே, எந்த எரிபொருள் நிலையத்தில் நிறுத்துவது, வழியில் எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் தொழவும் ஒதுங்கவும் வசதி இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லி உங்கள் வீட்டு ஆண்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எல்லாப் பள்ளியிலும் அந்த வசதி இல்லை. பழைய சேலை இரண்டும் கொடிக்கயிறும் இருந்தால் உடை மாற்ற மறைப்புக் கட்டிக்கொள்ளலாம். பெண்களுக்கான துணிகளும், அவற்றைச் சுற்றித் திரும்பக் கொண்டுவரக் கடதாசியும் ஒரு தனிப் பையில் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி. வேன் கூலியை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்ததும், "எனக்கு வர வசதிப்படாது, வீட்டில் வேலை" என்று ஒருத்தி பின்வாங்குவாள். அவளுக்கு வேலை இருக்கிறதோ என்னவோ, கையில் காசு இல்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாவானதே 2021இல்தான். மறு ஆண்டு விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அதுவும் கரைந்தது. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை வாசிக்காதீர்கள். பணம் ஒருத்தியிடம் மட்டும் கொடுக்கப்படட்டும். குறைவதை இயன்றவர்கள் சத்தமில்லாமல் நிரப்பட்டும். முடியாதவள் தேசிக்காயும் வாழையிலையும் கொண்டு வந்தாலும் அது பங்குதான். அப்படியும் கூடிப்போனால் வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் போகக்கூடிய பக்கத்து ஆற்றுக்குப் போங்கள்.

நம்மோடு வரும் தோட்டத்துத் தோழிகளில் மாட்டிறைச்சி தொடாதவர்கள் உண்டு, மரக்கறி மட்டும் உண்பவர்கள் உண்டு. பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் வேறு சட்டியில், வேறு கரண்டியோடு. "நீங்களே உங்களுக்குக் கட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா" என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொன்னால் அவர் பாயின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். அன்று ரொட்டியும் சம்பலும் என்றால் இந்தக் கேள்வியே எழாது. மாசி சேர்க்காத சம்பல் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பொதி கட்ட வாழையிலை எடுங்கள். லஞ்ச் ஷீட்டை 2017 செப்டம்பரிலேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். இருந்தும் அருவிக் கரையில் பொலித்தீன் குறைந்தபாடில்லை. வெற்றுப் பையொன்றை வேனின் கதவில் கட்டிவிட்டால் குப்பை அதற்குள் வரும். கரையில் நாம் அவிழ்த்த இடத்தில் ஒரு சோற்றுப் பருக்கை தவிர வேறெதுவும் கிடக்கக் கூடாது. பருக்கை இருந்தால் காகம் பார்த்துக்கொள்ளும்.

அஸருக்கு முன் புறப்படுங்கள். வேன் கதவை மூடுமுன் தலைவி இன்னொரு தடவை எண்ணட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணட்டும். தூங்கிப்போன பிள்ளைக்காக அண்ணன் "இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவான். வீட்டிலிருக்கும் ஆண்களுக்கு ஒரு வேலை: அன்றிரவுக்குப் பாண் வாங்கி, பருப்பொன்றை அடுப்பில் ஏற்றி, வரும் சட்டிகளைக் கழுவத் தண்ணீர் பிடித்து வையுங்கள். வஸ்ஸலாம்.